பேறு பார்த்த மூதாட்டிக்குச் சிலை: கல்லா, வெண்கலமா, யாருடைய முகம்?

வேணாட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் தக்கலைக்கும் இரணியலுக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்த்த ஒரு மூதாட்டிக்குச் சிலை வைப்பது என்று ஊர்க் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. எங்கள் பக்கத்து வழக்கில் வயித்தாட்டி என்போம். என்னையும் என் உடன்பிறந்தார் மூவரையும் முதலில் கையில் வாங்கியவர் அவர்தான். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. கிடைத்திருக்கும் படங்கள் இரண்டே. ஒன்று ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். மற்றொன்று ஒரு கல்யாண வீட்டுக் குழுப் படத்தில் மூன்றாம் வரிசையில், பாதி முகம் இன்னொருவர் தோளுக்குப் பின்னால் மறைந்திருப்பது. தொள்ளையாக நீட்டி வடித்த காதும் அதில் தொங்கும் பாம்படம் என்ற காதணியும் அந்த இரண்டாவது படத்தில்தான் தெரிகின்றன.

கமிட்டியில் இப்போது மூன்று கட்சிகள். கற்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடி பக்கத்தில் இருக்கும்போது கல்லைத் தவிர வேறு எதையும் நினைக்கலாகாது என்பது ஒன்று. ஃபைபரில் செய்து வெண்கல நிறம் பூசினால் செலவு குறையும் என்பது இரண்டு. தாமதமானாலும் வெண்கலமே வேண்டும் என்பது மூன்று. உடை குறித்தும் ஒரு வழக்கு இருக்கிறது: பட்டுச் சேலை, கொண்டை நிறையப் பூ, கையில் ஒரு குழந்தை என்று ஒரு மாதிரி வரைபடம் வந்திருக்கிறது; பெரும்பாலானோருக்கு அது பிடித்தும் இருக்கிறது. எனக்கு அது வேறு யாரோ போலத் தெரிகிறது. பெண்களின் உருவச் சிலை செய்வோர் உண்மையில் எங்கே தொடங்குகிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் விளக்கினால் கமிட்டியில் பேச எனக்கு வாய் இருக்கும்.

உளிமுனை எழுதியது:

ஐயா, மயிலாடியில் மூன்று தலைமுறையாகக் கல்வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். கல் விற்க வந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்துக் குறையையே முதலில் சொல்கிறேன்.

எங்களிடம் வரும் வேலையில் பெரும்பங்கு கோயில் வேலை. தெய்வ உருவங்களுக்குத் தாளம் என்ற அளவுமுறை உண்டு; உருவத்தின் உயரத்தை இத்தனை பங்கு என்று பிரித்துக்கொள்வது. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம், அதாவது 124 பங்கு. தேவியருக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. இந்த அளவுகளில் மனித உடம்புக்கு முரணானது அதிகம் இல்லை. சிக்கல் உறுப்புகளின் வடிவத்தில் வருகிறது. மூக்கு எள்ளுப்பூ, புருவம் வில், கழுத்து சங்கு, மோவாய் மாங்கொட்டை என்று பன்னிரண்டு வயதிலிருந்து பழகிய கை, பெண் முகம் என்றவுடன் உளியை அந்த வழியிலேயே கொண்டுபோகும். நான் செய்த முதல் பெண் உருவச் சிலை ஒரு பள்ளியின் முன்னாள் தலைமை ஆசிரியையுடையது. திறப்பு விழாவுக்கு வந்திருந்த அவருடைய மகன் நெடுநேரம் பார்த்துவிட்டு, “பகவதி அம்மன் மாதிரி நல்லா இருக்கு” என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை.

முதுமையில் முகத்தின் கணக்கே மாறிவிடும். பல் விழுந்தால் மூக்குக்கும் மோவாய்க்கும் இடையிலுள்ள தூரம் குறையும், காது நீளும், கழுத்து முன்னால் வரும். சுருக்கம் நாலு கீறிவிட்டால் கிழவி ஆகிவிடும் என்று நினைத்துச் செய்யும் சிலைகள், முப்பது வயதுப் பெண்ணின் முகத்தில் கோடு போட்டது போல நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கல்லைப் பற்றி: ஆறடிச் சிலைக்கு ஏழடி உயரம், இரண்டரை அடி அகலம், இரண்டடிக் கனம் உள்ள கட்டி வேண்டும். அதுவே இரண்டே முக்கால் டன் அளவுக்கு வரும். பெண் உருவத்துக்குப் பெண்கல் என்பது சாத்திரம்; தட்டினால் ஆண்கல் மணி போலவும் பெண்கல் தாளம் போலவும் ஒலிக்கும் என்பார்கள், ஓசையே எழாதது அலிக்கல். நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். உள்ளே விரிசல் ஓடும் கல்லின் ஓசை செத்துப்போகும் என்பதால், தட்டிப் பார்க்காமல் நாங்கள் எந்தக் கல்லையும் எடுப்பதில்லை. பிறகு முன்பக்கமும் பக்கவாட்டும் காவியால் கட்டம் போட்டு வரைந்து, மூக்கு நுனி, முழங்கை, கால் விரல் என்று வெளியே நீட்டி நிற்கும் இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து உள்ளே போவோம். கல்லில் குறைக்கத்தான் முடியும். நீட்டிய கை, விரித்த விரல், தொங்கும் பாம்படம் ஆகிய மூன்றும் கல்லுக்குப் பகை. பாம்படத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் மெல்லிய கல்லை விட்டுவைத்தால்தான் காது நிற்கும்; ஆனால் வடித்த காதின் அழகே அந்தத் தொள்ளை வழியாக அப்பால் தெரியும் வெளிச்சத்தில் இருக்கிறது.

களிமண்கை எழுதியது:

மேலே அண்ணாச்சி சொன்னதை ஒட்டியே எழுதுகிறேன். நான் மண்ணில் உருவம் செய்து வெண்கலத்துக்கும் ஃபைபருக்கும் அச்சு எடுப்பவன். மண் வேலையில் வசதி என்னவென்றால், கூட்டலாம், குறைக்கலாம், மூன்று மாதம் கழித்தும் மனம் மாறலாம்.

படம் இரண்டுதான் என்று வருந்த வேண்டாம். ஸ்டுடியோப் படத்தில் வெளிச்சம் நேரே அடித்திருக்கும். மூக்கின் உயரமும் கண்ணின் ஆழமும் அதில் கிடைக்காது. அவற்றை நான் பிள்ளைகளிடமிருந்து எடுப்பேன். மகளோ பேத்தியோ இருந்தால் வரச் சொல்லி, பக்கவாட்டில் உட்காரவைத்துக் காதிலிருந்து மோவாய் வரை, நெற்றியிலிருந்து மூக்கடி வரை கவராயத்தால் அளந்துகொள்வேன். தாடை எலும்பு குடும்பத்தில் பெரும்பாலும் இறங்கி வரும். பிறகு ஒன்றரை அடியில் ஒரு சிறு மாதிரி. உடம்பின் நிலையை அதிலேயே முடிவுசெய்துவிட வேண்டும். ஆறடியில் இடுப்பைத் திருப்புவது என்றால் உள்ளே உள்ள இரும்பையே வெட்ட வேண்டியிருக்கும்.

முழு அளவுக்கு இரும்புக் கம்பியில் எலும்புக்கூடு கட்டி, மண் வழுக்கி இறங்காதிருக்க மரச் சில்லுகளைக் கம்பியில் தொங்கவிட்டு, குளத்து மண்ணை அப்ப வேண்டும். இரவில் ஈரச் சாக்கும் பாலித்தீன் தாளும் போர்த்தி வைப்போம். நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்பதால் மண் வெடிப்பது குறைவு. ஆனால் அடுத்து எடுக்கும் பிளாஸ்டர் அச்சு காயவே காயாது. அச்சைப் பிரிக்கும்போது மண் உருவம் உடைந்து போகும். மூன்று மாத வேலை அரை நாளில் மண் குவியலாகக் கிடப்பதைப் பார்க்க இன்றும் எனக்குப் பழக்கமாகவில்லை. அச்சுக்குள் ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமனில் மெழுகு ஊற்றி எடுத்து, மெழுகில் மறுபடி கண்ணும் விரலும் திருத்தி, உள்ளும் புறமும் மண் காப்பு இட்டுச் சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலையில் கோயில் திருமேனிகளைக் காவிரி வண்டல் பூசிக் கனமாக வார்ப்பது போல் அல்லாமல், பொது இடத்துச் சிலை உள்ளே கூடாக, துண்டு துண்டாக வார்க்கப்பட்டு ஒட்டப்படும். ஆறும்போது உலோகம் நூற்றுக்கு இரண்டு பங்கு வரை சுருங்கும். அதற்குத் தக்கபடி மண்ணிலேயே சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும்.

குடும்பத்தாரை மண் நிலையிலேயே மூன்று முறையாவது அழைத்துக் காட்டுங்கள். 2018 பிப்ரவரியில் சென்னையில் திறந்த ஜெயலலிதா சிலையின் முகச்சாயல் குறித்து எழுந்த பேச்சு எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டு நவம்பரில் வேறு சிலை வைக்க நேர்ந்தது. ஆயிரக்கணக்கில் படங்கள் உள்ள ஒருவருக்கே அந்த நிலை. வெண்கலமான பிறகு திருத்தம் இல்லை, மாற்றம் மட்டும்தான்.

கடல்காற்று எழுதியது:

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் பொருளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடற்கரையோர ஊர் ஒன்றில் (பெயர் வேண்டாம்) சிமெண்டில் செய்த ஒரு பெண் உருவச் சிலையைப் பழுதுபார்க்க அழைத்தார்கள். உள்ளே போட்ட கம்பி உப்புக்காற்றில் துருவேறிப் பருத்து, சிலையை உள்ளிருந்தே பிளந்திருந்தது. முழங்கை பெயர்ந்து துருக்கம்பி வெளியே தெரிந்த இடத்தில் யாரோ சேலை நிறத்திலேயே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். ஃபைபர் துருப்பிடிக்காது, ஆனால் வெயிலில் மேற்பூச்சு வெளுத்து, சில ஆண்டுகளில் இழை எட்டிப்பார்க்கும்.

கல்லுக்கும் கவனிப்பு வேண்டும். கடல் நடுவே 133 அடி உயரத்தில், 38 அடிப் பீடமும் 95 அடி உருவமுமாக நிற்கும் வள்ளுவர் சிலைக்கே, காகிதக்கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுத்து, இணைப்புகளை அடைத்து, மேலே ரசாயனப் பூச்சு பூசும் பணி அவ்வப்போது நடக்கிறது. உங்கள் ஊர் கடலிலிருந்து சற்று உள்ளே இருப்பதால் கல்லோ வெண்கலமோ எதுவானாலும் நிற்கும். எதுவானாலும் அடியில் மழைநீர் தேங்காமல் வழிய வழி வையுங்கள். நிறுத்தும் ஆணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

நாஞ்சில்மகள் எழுதியது:

பொருளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நான் உடையைப் பற்றிக் கேட்கிறேன். வேணாட்டான் ஐயா, அந்தப் பாட்டி பட்டுச் சேலை உடுத்தி நீங்கள் பார்த்ததுண்டா? என் பாட்டியும் அதே தலைமுறைதான். வெள்ளை முண்டு, முழங்கை வரை சட்டை, தோளில் நேரியது என்ற ஒரு மேல்துணி. திருவிழாவுக்கும் அதுதான், அரிவாள் எடுத்துக்கொண்டு விளைக்கு, அதாவது தோட்டத்துக்குப் போகவும் அதுதான்.

நம் மாவட்டத்தில் சட்டை என்பது வெறும் துணி இல்லை. மார்பை மறைக்கும் உரிமைக்காக நம் மூத்த பெண்கள் அடிபட்டார்கள். அவர்கள் மேல்துணி கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் அரசு அந்த உரிமையை ஏற்று அறிவிப்பு வெளியிட்ட பிறகும், உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற நிபந்தனை அதிலேயே இருந்தது. 2023 மார்ச்சில் அந்தத் தோள்சீலைப் போராட்டம் தொடங்கியதன் 200ஆம் ஆண்டு நிகழ்ச்சி நாகர்கோவிலில் நடந்தபோது இரண்டு மாநில முதலமைச்சர்கள் வந்து பேசினார்கள். அந்த மண்ணில் ஒரு பாட்டியின் சட்டையைக் கழற்றிவிட்டுக் காஞ்சிபுரம் பட்டை உடுத்துவது மரியாதை என்று எப்படித் தோன்றுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

கையில் குழந்தை வேண்டாம் என்பதும் என் எண்ணம். நம் ஊர்களில் குழந்தை ஏந்தி நிற்கும் பெண் என்றால் பார்ப்பவருக்கு மாதா. சிதறால் மலையில் சிங்கத்தோடும் சிறார்களோடும் நிற்கும் சமணப் பெண்தெய்வமான அம்பிகை யட்சியைப் பார்த்தவருக்கு அவள். பேறு பார்த்தவர் குழந்தையை வைத்துக்கொண்டிருப்பவர் அல்லர். வாங்கித் துடைத்துத் தாயிடம் கொடுத்துவிட்டு, கஞ்சி குடித்துவிட்டுப் போகிறவர்.

செயலாளர் எழுதியது:

நான் அந்தக் கமிட்டியில் இருப்பவன். வேணாட்டான் இந்த இழையைக் காட்டியதால் எழுதுகிறேன். எங்களைப் பட்டுச் சேலைப் பைத்தியம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த அம்மா உயிரோடிருந்தவரை நல்ல துணி உடுத்த வழியில்லாமல் இருந்தார். சிலையிலாவது நன்றாக உடுத்தட்டும் என்று அவர் கையில் பிறந்த பெண்கள்தான் கேட்கிறார்கள். அழுக்கு முண்டோடு நிறுத்தினால், நாளை வழிப்போக்கர் யாரோ பிச்சைக்காரி என்று நினைத்தால் அந்தப் பழி யாருக்கு?

தேம்ஸ்கரை எழுதியது:

நான் குலசேகரத்துக்காரன், இப்போது லண்டனில் இருக்கிறேன். செயலாளர் ஐயாவின் கேள்வி எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று. இங்கே நடந்த இரண்டைச் சொல்கிறேன்.

பாராளுமன்றச் சதுக்கத்தில் 2018 ஏப்ரல் வரை ஒரு பெண்ணின் சிலைகூட இருந்ததில்லை. அந்த மாதம் மில்லிசென்ட் ஃபாசெட்டின் வெண்கலச் சிலை திறக்கப்பட்டது. செய்தவர் ஜில்லியன் வேரிங். வாக்குரிமை இயக்கத்தின் தலைமையை ஏற்ற ஐம்பது வயதுத் தோற்றத்தில், கனத்த கம்பளி உடையில், இரு கையாலும் ஒரு வாசகத் துணியை விரித்துப் பிடித்தபடி அவர் நிற்கிறார். அருகில் போனால் அந்தக் கம்பளியின் நெசவே வெண்கலத்தில் தெரியும். அவருக்கு அழகூட்டும் முயற்சி எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அவரைக் கடந்து போகிறவர்கள் நின்றுதான் போகிறார்கள்.

மற்றொன்று 2020 நவம்பரில், நியூவிங்டன் கிரீனில் பெண்ணுரிமை எழுத்தாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட்டுக்காக மேகி ஹாம்ப்ளிங் செய்தது. ஆடை ஒருவரை ஒரு காலத்துக்குள் அடைத்துவிடும் என்ற எண்ணத்தில், அலையலையான ஒரு பிழம்பின் உச்சியில் ஆடையற்ற சிறு பெண் உருவத்தை வைத்தார். இது அவரது உருவச்சாயல் அன்று, அவருக்கான சிற்பம் என்றே விளக்கமும் தந்தார். பல பெண்களுக்கே அது பிடிக்கவில்லை. சிலர் வந்து அந்த உருவத்துக்குத் துணி மாட்டிவிட்டுப் போனார்கள். ஆண் எழுத்தாளர்களுக்குக் கோட்டும் நாற்காலியும் கொடுத்து, பெண்ணுக்கு மட்டும் உடம்பைக் கொடுப்பதா என்பதே எதிர்ப்பின் சாரம். பட்டுச் சேலையும் ஆடையின்மையும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், அந்த ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டுப் பொதுவான ஒரு பெண்ணை நிறுத்துவதில் இரண்டும் ஒன்றே என்பது என் கருத்து.

உளிமுனை எழுதியது:

செயலாளர் ஐயாவுக்கு என் மறுமொழி. பழைய துணி வேறு, அழுக்குத் துணி வேறு. சிலையில் ஏழ்மையாகத் தெரிவது துணியின் விலை அன்று, நிற்கும் நிலை. தோள் சரிந்து, பார்வை தரையில் இருந்தால் பட்டுடுத்தினாலும் பாவமாகத்தான் இருக்கும். முதுகு வளைந்திருந்தாலும், பாதங்கள் ஒரு சாண் அகன்று மண்ணில் நன்றாக ஊன்றி, பார்வை எதிரே நிற்பவரின் கண்மட்டத்துக்கு வந்தால் முண்டும் சட்டையும் போதும். இதற்காகவே பீடத்தை மூன்றடிக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பேன். ஆறடிப் பீடத்தில் ஏற்றினால் கீழிருந்து பார்ப்பவருக்கு மோவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரியும். அதைச் சரிக்கட்டத் தலையைப் பெரிதாக்கி முன்னால் சாய்க்க வேண்டும். அப்போது அவர் எல்லோரையும் குனிந்து ஆசீர்வதிப்பவர் ஆகிவிடுவார்.

இன்னொன்று. முதிய பெண்ணை முதியவராகவே காட்டுவது நம் மரபுக்குப் புதிது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காரைக்கால் அம்மையாரைப் பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் காலடியிலும், சோழர் செப்புத் திருமேனிகளிலும், ஒட்டிய வயிறு, எண்ணக்கூடிய விலா எலும்பு, வற்றிய மார்பு, கையில் தாளம் என்றே அவர் உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்தில் இருக்கும் மகிழ்ச்சியை எந்த இளம் தேவியின் முகத்திலும் நான் கண்டதில்லை. எங்கள் பாட்டன்மாருக்கு இதைச் செய்யத் தெரிந்திருந்தது. எள்ளுப்பூ மூக்கு எளிதாக இருந்ததால் நாங்கள் மறந்துவிட்டோம்.

பொருளைப் பொறுத்தவரை, மனம் கோணாமல் சொல்கிறேன்: வடித்த காதும் பாம்படமும் வேண்டுமென்றால் வெண்கலத்துக்குப் போங்கள். பீடத்தை மட்டும் எங்கள் ஊர்க் கல்லில் செய்து தருகிறேன். களிமண்கை தம்பியும் நானும் சேர்ந்தே செய்யலாம்.

களிமண்கை எழுதியது:

அண்ணாச்சிக்கு நன்றி; சேர்ந்தே செய்வோம். துணியைப் பற்றி ஒரு சிறு தகவல்: அந்தப் பாட்டி உடுத்திய கைத்தறி முண்டு யார் வீட்டிலாவது பெட்டியில் இருந்தால் கொண்டுவாருங்கள். பட்டு கூர்மையாக முறிந்து மடியும். பலமுறை துவைத்த பருத்தி மொண்ணையாக, அகலமாக மடிந்து தொடையோடு ஒட்டும். அந்தத் துணியையே ஒரு பெண்மணியை உடுத்தி நிற்கச் சொல்லிப் பார்த்துச் செய்தால்தான் மடிப்பு சரியாக வரும்.

கடல்காற்று எழுதியது:

ஒரு முக்கியமான செய்தி விடுபட்டுப் போனது. சாலையோரத்திலோ சந்திப்பிலோ வைக்கத் திட்டமிருந்தால் இப்போதே கைவிடுங்கள். பொதுச் சாலைகளிலும் நடைபாதைகளிலும் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் ஆணையிட்டிருக்கிறது. ஊருக்குச் சொந்தமான பட்டா நிலம் பாருங்கள். அங்கும் அனுமதி வாங்கிய பிறகே அஸ்திவாரம் போடுங்கள்.

வேணாட்டான் எழுதியது:

நேற்று கமிட்டி கூடியது. இந்த இழையை முழுவதும் வாசித்துக் காட்டினேன். படிப்பகத்தின் முன்னால் உள்ள ஊர் நிலம், வெண்கலம், மூன்றடிக் கல்பீடம் என்று முடிவாகியிருக்கிறது. பட்டுச் சேலையை விட்டுக்கொடுக்கச் செயலாளருக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அம்மாவின் மகள், எழுபது வயதைத் தாண்டியவர், வீட்டுக்குள் போய் ஒரு முண்டும் சட்டையும் எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். சட்டைக் கை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்ட மடிப்போடு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் சேலையைப் பற்றிப் பேசவில்லை. பூ மட்டும் இன்னும் வழக்கில் இருக்கிறது.

உளிமுனை எழுதியது:

மகிழ்ச்சி ஐயா. களிமண்கை தம்பி புது வரைபடம் ஒன்று போட்டு உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். கை இரண்டும் வெறுமையாக, உள்ளங்கை சற்று மேல்நோக்கி, வாங்குவதற்கு முந்தைய நொடி போல இருக்கும். மகளிடம் காட்டி, எது இல்லாதது, எது கூடுதல் என்று மட்டும் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்.

வேணாட்டான் எழுதியது:

காட்டினேன். காதைப் பார்த்துத் தலையாட்டினார். கையில் மட்டும் விரலை வைத்து நிறுத்தினார். வரைபடத்தில் மோதிரமும் இரண்டு வளையலும் இருக்கின்றன. பேறு பார்க்கிற கைக்கு மோதிரமும் வளையலும் ஆகாது, தாய்க்கும் பிள்ளைக்கும் கீறும் என்று அம்மா போட்டதே இல்லை என்றார். நகமும் சதையோடு ஒட்ட வெட்டியிருக்கும், வலக்கை நடுவிரல் நுனி சற்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும் என்று தம் விரலை மடக்கிக் காட்டினார். அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மோதிரத்தையும் வளையலையும் அழித்துவிடுங்கள். சனிக்கிழமை காலை அவரையும் அழைத்துக்கொண்டு மயிலாடிக்கு வருகிறோம்.